ஆறிய என்ஜின்

சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, எதையும் கழற்றாமல், உள்ளங்கையை என்ஜின் மேல் வைத்தார் மெக்கானிக். பிள்ளைக்குச் சுரம் அடிக்கிறதா என்று பார்க்கிற கை அது. சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தலையை மட்டும் திருப்பிப் புரோக்கரைப் பார்த்தார்.

“வண்டி ராத்திரியெல்லாம் இங்கதான் நின்னுச்சுன்னு போன்ல சொன்ன?”

“ஆமாண்ணே.”

“சூடா கீது.”

புரோக்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நகர்த்தி வெச்சேண்ணே. வழிய மறைச்சுக்கினு இருந்துச்சு.”

“நகர்த்துனா இந்தச் சூடு வராது. அரை மணி நேரம் ஓடிருக்குது.” கந்தல் துணியில் கையைத் துடைத்தார். “சாவியக் குடுத்துட்டுப் போ. நாளைக்குக் காத்தால அஞ்சு மணிக்கு நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன். அதுவரைக்கும் அக்காகிட்ட வெலை பேசாத.”

ராயபுரம் எஸ்.என். செட்டி தெருவிலிருந்து காசிமேட்டுப் பக்கம் பிரியும் சந்து அது. ஷெட் என்றால் நாலு இரும்புத் தூணும் மேலே தகரமும்தான். எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். வலை பின்னுகிறவர்கள் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மாதங்களில் இந்தச் சந்தில் ஐஸ் அரைக்கும் சத்தத்தையும் லோடு ஏற்றுகிறவர்களின் கூவலையும் மீறி ஒரு சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. இந்த 61 நாளில் முடியும். ஒரு என்ஜினை முழுதாகக் கேட்கலாம்.

வாங்க வந்தவர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. மீன் வியாபாரம். விடிவதற்கு முன் ஏலத்தில் எடுத்து, நாலு பேரோடு சேர்ந்து ஒரு குட்டி யானை வண்டியை வாடகை பேசி, பெரம்பூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். மெக்கானிக்கை ‘தம்பி’ என்றார். மெக்கானிக் அவரை ‘அக்கா’ என்றார். கூட அந்த அம்மாவின் அக்கா மகன், இருபத்து நாலு இருபத்தைந்து வயது, கையில் செல்போன். சொந்த வண்டி வாங்கி இந்தப் பையனை ஓட்டவைத்தால் வாடகைப் பணம் வீட்டுக்குள்ளேயே நிற்கும் என்பது அம்மாவின் கணக்கு. தடைக்காலத்தில்தான் மீன் வண்டிகள் விலைக்கு வரும், தவணை கட்ட முடியாதவர்கள் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வண்டி 2014 மாடல் டாடா ஏஸ். 2005-ல் அது சந்தைக்கு வந்தபோது வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றார்கள். நமக்கு அது குட்டி யானை. இண்டிகா காரின் 1405 சிசி நாலு சிலிண்டர் டீசல் என்ஜினைக் குறுக்கே பாதியாக வெட்டினால் எப்படியிருக்குமோ அப்படி, இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏற்றலாம் என்று கம்பெனி சொன்னது. காசிமேட்டில் எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதை அந்த வண்டிகளின் பின்பக்கப் பட்டைகள் நிமிராமலே நிற்பதில் பார்க்கலாம்.

சூடான என்ஜினை ஏன் பார்க்கமாட்டேன் என்கிறார் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. மெக்கானிக்கும் விளக்கவில்லை. எனக்குத் தெரியும்; தெரிந்துகொள்ள எங்கள் வீடு கொடுத்த விலை பெரிது.

என் அண்ணன் ஒரு டீசல் வேன் வாங்கினான். மத்தியானம் இரண்டு மணிக்கு, கத்தரி வெயிலில், விற்றவர் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய வண்டி. சாவியைத் தொட்டதும் உறுமியது. புகை இல்லை. அன்று மாலையே பணம் கைமாறியது. மறுநாள் காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியது. மூன்று பேர் தள்ளினோம். தெரு முழுக்க வெள்ளைப் புகை. மூன்றாம் மாதம் என்ஜின் இறங்கியது. அண்ணியின் நான்கு வளையல் அதற்குப் போனது. டீசல் என்ஜினில் பொறி வைக்கிற பிளக் கிடையாது. காற்றை இருபது பங்கில் ஒரு பங்காக நசுக்கி, அந்த நசுக்கலில் பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். ரிங் தேய்ந்து, வால்வு சரியாக உட்காராமல் காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. ஆனால் என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், உலோகம் விரிந்து இடைவெளி குறைந்துவிடும். குறைந்த அழுத்தத்திலும் டீசல் பற்றிக்கொள்ளும். நோய் மறைந்துவிடும். ஆறிய என்ஜினில்தான் நோய் தெரியும். இதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அதனால்தான் மறுநாள் நாலரை மணிக்கே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பால் இன்னும் கொதிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், எண்ணூர் லாரி கம்பெனியில் என்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. 1948-ல் பிறந்து எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் காலூன்றியது. பின்னாளில் டீசலில் ஓடுகிற புல்லட்டைக்கூட விற்ற கம்பெனி. மூன்று தலைமுறையாக இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவரின் காதாவது என்ஜினுக்குப் பழகியிருக்கிறது. சென்னையின் மற்ற பகுதிகள் வடசென்னையைப் பற்றிப் பேசும்போது இந்த அறிவைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அது வருத்தம்.

மெக்கானிக் வந்தார். டார்ச்சைப் பற்களில் கவ்விக்கொண்டு கையை வைத்தார். தலையசைத்தார். ஆறியிருக்கிறது.

உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. முதலில் ஆயில் கம்பியை உருவினார். விரலில் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்துப் பிரித்தார். டார்ச் வெளிச்சத்தில் எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது.

“பாருங்கண்ணே, எவ்ளோ சுத்தமா கீது!” என்றார் புரோக்கர்.

“அதான் யோசனையா கீது.”

டீசல் என்ஜினில் எண்ணெய் மாற்றி நாலு நாள் ஓடினாலே கறுத்துவிடும். கறுப்பு அங்கே குற்றமில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் எண்ணெய் பளபளத்தால் அது விற்பதற்காக நேற்று மாற்றியது. மெக்கானிக் கம்பியைச் சாய்த்துப் பிடித்தார். சொட்டு விழ நேரம் ஆனது. கெட்டியான எண்ணெயாகப் பார்த்து ஊற்றியிருக்கிறார்கள்; தேய்ந்த ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே கெட்டி எண்ணெய் கொஞ்ச நாள் அடைத்துக்கொண்டு நிற்கும், புகையும் சத்தமும் அடங்கும். பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். கோட்டுக்கு மேலே ஏறி நின்று டீசல் நாற்றம் அடித்தால் பம்ப்பிலோ நாசிலிலோ கசிவு. இவை இரண்டும் இதில் இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கம்பியைச் செருகினார்.

அடுத்தது ரேடியேட்டர். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். கூலண்டின் பச்சையோ சிவப்போ இல்லை. செங்கல் கரைத்த நிறத்தில் தண்ணீர், விளிம்பில் வெள்ளைப் பொருக்கு.

“இன்னா தண்ணி தெரியுமா இது? போர் தண்ணி. உப்பு.”

இந்த வட்டாரத்தின் கதை அந்தப் பொருக்கில் இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடிக்குள் கடல் புகுந்து பல காலமாகிறது. குடிக்க காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைச் சுத்திகரிக்கிறார்கள், நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். ரேடியேட்டருக்கு யார் நல்ல தண்ணீர் தருவார்கள்? வழியில் எந்தக் குழாய் கிடைக்கிறதோ அதிலிருந்து ஒரு கேன். அந்த உப்பு என்ஜினின் தண்ணீர்ப் பாதைகளில் ஓடாகப் படிகிறது. சூடு வெளியேறாமல் தேங்குகிறது. ஒரு நாள் ஹெட் வளைகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது.

பிறகு காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தார். பில்டர் புதிது. அவர் அதைப் பார்க்கவில்லை. அதை வெளியே எடுத்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் என்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் வழித்தார். விரல் சாம்பல் நிறமானது.

“எண்ணூர்ல ஓடின வண்டிப்பா இது.”

புரோக்கர் மறுக்கவில்லை. எண்ணூர் அனல் மின்நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் ஓடுகிறது, காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது, சாம்பலும் கரித்தூளும் அந்தச் சாலைகளில் பறந்தபடி இருக்கின்றன. அங்கே மனிதரின் நெஞ்சுக்குள் போவதுதான் என்ஜினுக்குள்ளும் போகிறது. பில்டரின் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளியோ, குழாயில் ஒரு கீறலோ இருந்தால் போதும். சாம்பல் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். விற்கிறவர் பில்டரை மாற்றிவிடலாம். குழாயின் உள்பக்கத்தைத் துடைக்க யாருக்கும் தோன்றாது. இந்த ஒரு சோதனையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இந்த ஊர் மெக்கானிக்கின் விரலுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

“கிலோமீட்டரப் பாருங்கண்ணே,” புரோக்கர் விடவில்லை. “ஒரு லட்சம்கூட ஆவல.”

“கிலோமீட்டர இன்னா பண்றது? மொதல்ல யார்கிட்ட ஓடுச்சு?”

“கப்பலுக்குச் சாமான் ஏத்தறவங்க. மண்ணடிலேர்ந்து ஹார்பருக்கு.”

“அப்ப கேட்டுக்கு வெளிய எத்தினி மணி நேரம் என்ஜின் ஆன்ல நின்னிருக்கும்?”

இதைப் பையன் கவனித்துக் கேட்டான். துறைமுகத்துக்குப் போகும் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் லாரிகள் வரிசை எண்ணூர் நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. முன் வண்டி பத்தடி நகரும், இந்த வண்டியும் நகர வேண்டும். அணைத்து அணைத்துப் போட முடியாது. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறுவதற்குள் என்ஜின் ஒரு மணி நேரம் சுற்றியிருக்கும். அதுவும் மெதுவாக, சூடு ஏறாமல். அப்படிச் சுற்றுகிற டீசல் என்ஜின் முழுதாக எரிக்காது. நாசில் முனையில் கரி கட்டும், எரியாத டீசல் வழிந்து எண்ணெயைக் கெடுக்கும். சென்னையிலிருந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையில் ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டர் வண்டி, துறைமுக வாசலில் நின்ற எண்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட ஆரோக்கியமாக இருக்கலாம்.

கேட்டுக்கொண்டிருந்த பையன் செல்போனை நீட்டினான். அதில் ஒரு தோஸ்த் சரக்கு வண்டியின் படம். காமன் ரயில் என்ஜின், மூன்று சிலிண்டர், இதைவிட மூன்று மடங்குக்கு மேல் இழுவை. “அண்ணா, இத்த வாங்கிக்கலாமா? கொஞ்சம் கூடப் போட்டா கெடைக்கும்.”

மெக்கானிக் படத்தை நிதானமாகப் பார்த்தார். நல்ல வண்டி என்றார். ஆனால் அது கெட்டுப்போனால் இந்தச் சந்தில் ஸ்பானரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டும், இன்ஜெக்டர் ஒன்று போனால் அம்மாவின் ஒரு மாத வியாபாரம் போகும் என்றார். தண்ணீர் கலந்த டீசல், பேரலில் வாங்கிய டீசல் எதையும் அது தாங்காது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பலவற்றில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க வண்டி கொஞ்ச தூரம் சூடேறி ஓடவேண்டும். விடிகாலையில் காசிமேட்டிலிருந்து பெரம்பூர் போய், நின்று நின்று திரும்புகிற வண்டிக்கு அந்த ஓட்டம் எங்கே கிடைக்கும்? “உன் ஓட்டத்துக்கு ஏத்த வண்டிய வாங்கு. பேருக்கு வாங்காத,” என்றார். பையனின் முகம் வாடியது. அம்மா அவன் தோளைத் தொட்டார்.

ஐந்து பத்து. சாவியைத் திருப்பி, விளக்கு அணையும்வரை பொறுத்து, செல்ஃப் அடித்தார். முதல் முறை சுற்றி நின்றது. இரண்டாம் முறை பிடித்தது. டகடகவென்று வண்டி முழுக்க நடுங்கியது. இரண்டு சிலிண்டர் என்ஜினுக்கு அந்த நடுக்கம் இயல்புதான். பின்னால் வெள்ளைப் புகை சந்தின் அகலத்துக்குப் பரவியது. டீ மாஸ்டர் பால் பாத்திரத்தை மூடினார்.

ஒருவரும் பேசவில்லை. மெக்கானிக் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் அடங்கினால் பொருட்படுத்த வேண்டாம். இது அடங்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து வெளுப்பு குறைந்து லேசான நீலம் தெரிந்தது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். மூன்றிலும் குறைந்த செலவு பெரும்பாலும் அந்தக் கறுப்புக்குத்தான்.

என் பக்கத்துப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டீ கிளாஸ் கையில் ஆறிக்கொண்டிருந்தது. சற்றுப் பொறுத்து, கண்ணைத் திறக்காமல், இரண்டு விரலை உயர்த்தினார். யாருக்கும் காட்டவில்லை, தனக்குத்தான்.

அங்கே மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். பிறகு பையனிடம் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி, முதல் நாசிலுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டைக் கால் சுற்று தளர்த்தினார். டீசல் கசிந்தது. என்ஜின் தள்ளாடியது, அணையப் பார்த்தது. உடனே முடுக்கினார். அப்படியானால் முதல் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது நட்டைத் தளர்த்தினார். சத்தம் கொஞ்சம்தான் மாறியது. அது பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவரின் விரல்கள் மடங்கின.

மெக்கானிக் நிமிர்ந்து பையனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “இந்த மாதிரி பழைய பம்ப்பு வண்டிலதான் இத்த செய்யணும். நீ காட்டினியே, காமன் ரயிலு, அதுல கைய வெச்சிடாத. ஆயிரம் பாருக்கு மேல பிரஷரு. ஊசி மாதிரி டீசலு தோலுக்குள்ள பூந்துரும். விரலே போயிரும்.” வண்டி டயரில் நாம் அடைக்கிற காற்று மூன்று நாலு பார். பையன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

இனி எண்ணெய் ஊற்றும் மூடி. அதைத் திறந்து தலைகீழாகத் துவாரத்தின் மேலேயே வைத்தார். மூடி ஆடியது, பிறகு எகிறி விழுந்தது. அடியிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. இவர்கள் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். பிஸ்டனுக்கு மேலே நிற்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி மூச்சு விடுகிறது. லேசாக மூச்சு வருவது எல்லா டீசலிலும் உண்டு, அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. இது லேசு இல்லை.

கடைசியாக ரேடியேட்டர் வாயில் டார்ச். முதலில் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வரும், அது போய்விடும். இவர் காத்திருந்தார். பையன் ஆக்சிலரேட்டரை மிதித்தபோதெல்லாம் குமிழிகள் வரிசையாக வந்தன, நின்றபோது குறைந்தன. அம்மா குனிந்து பார்த்தார். மீன் தொட்டியில் மூச்சு விடுவது போல இருந்திருக்க வேண்டும் அவருக்கு, இமைக்காமல் பார்த்தார்.

மெக்கானிக் என்ஜினை அணைத்தார். சந்து திரும்ப அமைதியானது.

“ஹெட் கேஸ்கெட் போயிருக்குதுக்கா. கேஸ்கெட்டு மட்டும்னா பரவால்ல, ஹெட்டு வளைஞ்சிருந்தா லேத்துக்குப் போவணும். ரெண்டாவது சிலிண்டர்ல ரிங்கும் இல்ல. எறக்கினாதான் தெரியும், போர் வாங்கணுமா, ஸ்லீவ் அடிக்கணுமான்னு. எறக்கினா டைமிங் பெல்ட்டும் மாத்தியாவணும். எப்ப மாத்தினாங்கன்னு பில்லு இல்ல. அது அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும், அப்பறம் என்ஜினே இல்ல.”

“வேற என்ஜின் போட்டுக்கலாம்ணே,” என்றார் புரோக்கர். “புதுப்பேட்டைல ஓடற என்ஜினா எடுத்துத் தரேன்.”

“ஆர்.சி.ல யார் ஏத்துவா? நம்பர் மாறுச்சுன்னா எஃப்.சி.ல நிக்கும். நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்டுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான்.” சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார். சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். நடுவில் ஓரிடத்தில் சத்தம் மொத்தையாக விழுந்தது. புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் பொருக்கோடு சேர்ந்து அவர் மார்பில் கொட்டியது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகுகிற ஐஸ் தண்ணீர், உப்போடு, வருடக்கணக்கில் சொட்டிய இடம். மீன் வண்டி வாங்குகிறவர் என்ஜினுக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. என்ஜினைச் செய்துவிடலாம். முதுகெலும்பு அரித்துப்போனதை என்ன செய்வது?

அம்மா ஷெட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆணியில் ஒரு கனெக்டிங் ராடு தொங்கியது. முன்னங்கை நீளம்கூட இல்லாத இரும்பு. நேராக இருக்க வேண்டியது, நடுவில் வில்லாக வளைந்திருந்தது.

“அது இன்னா தம்பி?”

“மழை வண்டிக்கா.” எழுந்து உட்கார்ந்தார். “மிச்சாங் புயல்ல முழுகுன வண்டி. தண்ணி வடிஞ்சதும் அவசரப்பட்டு செல்ஃப் அடிச்சிட்டான். சிலிண்டருக்குள்ள தண்ணி. காத்துன்னா நசுங்கும், தண்ணி நசுங்குமா? ராடு வளைஞ்சுபோச்சு.”

2023 டிசம்பர். அந்தத் தண்ணீரோடு எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் எண்ணெயும் படர்ந்து வந்தது. வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அந்த நாட்களில் முழுகிய வண்டிகள் கழுவப்பட்டு, சீட் உறை மாற்றப்பட்டு, கைமாறிக்கொண்டேயிருக்கின்றன. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு, பியூஸ் பெட்டியின் மூலையில் மெல்லிய சேறு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் காய்ந்த கோடு. இந்த மூன்றையும் கழுவ முடியாது என்று மெக்கானிக் பையனுக்குக் காட்டினார். இந்த வண்டியில் அவை இல்லை. அதையும் சொன்னார். இல்லாத குற்றத்தை அவர் சுமத்தவில்லை.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். இரண்டு நாளாக மற்றவர்கள் பேசியதையே கேட்டுக்கொண்டிருந்தவர், முதல் முறையாகத் தன் பாஷையில் கேட்டார்:

“மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்து எந்த நாளு மீனுன்னு சொல்லிருவேன். இது எந்த நாளு மீனு தம்பி?”

மெக்கானிக் யோசித்தார். “மூணு நாள் மீனுக்கா. ஐஸ்ல வெச்சிருக்காங்க.”

அம்மா புரோக்கரைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏலக் கூடத்தில் இருபது வருடம் நின்ற பார்வை. “நீ நாள் மீன் வெலை சொன்னியேப்பா,” என்றார். அவ்வளவுதான். புரோக்கர் விலையைக் குறைத்தார். மறுபடி குறைத்தார். பையன் அத்தனை முறையும் சித்தியின் முகத்தைப் பார்த்தான். அம்மா தலையாட்டவே இல்லை. புரோக்கர் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். ஏற்கெனவே சூடேறியிருந்ததால் வண்டி ஒரே தொடுதலில் பிடித்தது. சந்து முனையில் திரும்பும்போது புகைகூடத் தெரியவில்லை. அடுத்து பார்க்கப்போகிறவர் மத்தியானத்தில் பார்க்காமலிருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

அம்மாவும் பையனும் உடனே போகவில்லை. மெக்கானிக் டீ சொன்னார். டீ வரும்வரை பையனிடம் காகித விஷயங்களைச் சொன்னார். ஃபைனான்ஸ் முடிந்திருந்தால் என்ஓசியும் படிவம் 35-ம், பெயர் மாற்ற 29-ம் 30-ம், எஃப்.சி. எதுவரை, அபராதம் ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று செல்போனிலேயே பார்த்துவிடு, ஆர்.சி.யில் இருக்கிற என்ஜின் நம்பரை இரும்பில் இருக்கிற நம்பரோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார், அந்த இடத்தில் கிரைண்டர் தேய்ப்பு தெரிந்தால் மேற்கொண்டு பேசாதே. இவற்றில் தேறினால், பத்துப் பெட்டிக்குத் தண்ணீர் நிரப்பி ஏற்றி மின்ட் மேம்பாலத்தில் ஏறவேண்டும். காலி வண்டி யார் ஓட்டினாலும் ஓடும். பாலத்து உச்சியில் மூச்சு வாங்குகிறதா, சூட்டு முள் ஏறுகிறதா, இறங்கியதும் ரேடியேட்டர் குழாய் கல் மாதிரி இறுகியிருக்கிறதா. பையன் செல்போனில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான்.

பார்த்ததற்கு எவ்வளவு என்று அம்மா கேட்டார். “வாங்கற அன்னிக்குக் குடுங்கக்கா.”

அதற்கப்புறம் எட்டு ஒன்பது நாள் அவர்களைக் காணவில்லை. நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் விடிவதற்கு முன், டீக்கடையின் ஒரு பலகைதான் திறந்திருந்தது, ஷெட்டின் முன்னால் வேறொரு குட்டி யானை நின்றது. நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல் பனி ஈரம் கலையவில்லை. மெக்கானிக் இன்னும் வரவில்லை. புரோக்கரும் இல்லை.

சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா தனியாக நடந்து வந்தார். தலையில் சும்மாடு, கையில் காலி மீன் கூடை. கூடையைக் கீழே வைத்தார். சாவி அவரிடமே இருந்தது. கதவைத் திறந்து, சீட்டின் கொக்கி எது என்று தடவித் தேடி, இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மெக்கானிக் வைத்த அதே இடத்தில், உள்ளங்கையை வைத்தார்.

வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, மெக்கானிக் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.